ஒரு ஆள் படுக்குற தூரம்

அம்பது தாண்டிய தோஸ்துகளே, உங்களுக்கும் முட்டி வலி இருக்கும், சர்க்கரை இருக்கும், வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் மிக்சர் டப்பாவைத் தேடுகிற வேலை இருக்கும். அதையெல்லாம் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு இதைக் கேளுங்கள். நம்ம பக்கத்தில் பந்து உதைக்காதவன் கிடையாது. உதைக்கத் தெரியாதவன் உண்டு. அதில் நான்தான் முதல் ஆள். ஆனால் நீங்கள் எவ்வளவு கோல் போட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காத ஒரு பதவி எனக்குக் கிடைத்தது. கோட்டோரம் நின்று கொடி பிடிக்கிற பதவி. எங்கள் மைதானத்தில் அது சும்மா கிடைக்காது. இந்தப் பெருமையைக் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன், பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

போன மாதத்திலிருந்து சொல்வதில்லை.

விம்கோ நகரில் தண்டவாளத்துக்கு அந்தாண்டை, ஃபேக்டரி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பொட்டல் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அங்கே கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். அப்போது அதுதான் எங்கள் மைதானம். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் சாக்கடை, நடுவில் புல் என்று எதுவும் இல்லாத மண். காற்று வடக்கேயிருந்து வந்தால் சாம்பல், தெற்கேயிருந்து வந்தால் கரி, கிழக்கேயிருந்து வந்தால் கருவாடு. சில சாயங்காலம் எந்தத் திசை என்று தெரியாமல் ஒரு நாற்றம் வரும், எல்லோர் கண்ணும் ஒரே நேரத்தில் எரியும். அந்த நேரத்தில் யார் கோல் வாங்கினாலும் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டோம். அவ்வளவு நியாயமானவர்கள் நாங்கள்.

நான் சொல்கிற ஆடி மாதத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். குண்டாக இருப்பேன். ஓடினால் நெஞ்சுக்குள்ளே விசில் அடிக்கும். எங்கள் வீடு லைன் வீடு. ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். அப்பா ஷிஃப்ட்டில் இருப்பார், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பார். அதனால் எனக்கு எல்லாமே மாமாதான். அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்களோடு இருந்தார். எங்கள் தெரு டீமுக்குக் கேப்டன் அவர். கோல் கீப்பருக்கு முன்னால் கடைசியாக நிற்கிற தடுப்பு ஆளும் அவரேதான். ராத்திரி அவர் காலை நீட்டிப் படுத்தால் அறை முடிந்துவிடும். மிச்சம் இருக்கிற மூலையில் நான் சுருண்டுகொள்வேன். அவர் முட்டியில் தேய்த்த தைல வாசனை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்போதும் மருந்துக் கடையில் அந்த வாசனை வந்தால் கொட்டாவி வருகிறது.

இப்போது நம்ம வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலர் மறந்திருப்பீர்கள். போட்டி என்றால் நடுவில் விசில் ஊத ஒரு பெரியவர் கிடைத்துவிடுவார். கோட்டோரம் கொடி பிடிக்க ஆள் கிடைக்காது. அதனால் இரண்டு டீமும் ஆளுக்கொரு பையனைக் கொடுக்க வேண்டும். ஒருத்தன் சுவரோரம், ஒருத்தன் சாக்கடையோரம். தன் டீமின் கோல் இருக்கிற பாதியை அவனவன் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி ஆட்டத்தில் கோல் மாறினால் பையன்களும் இடம் மாறுவார்கள். சரி, சொந்தக் கோலைச் சொந்தப் பையன் பார்த்தால் என்ன ஆகும்? எதிராளி மூச்சு விட்டாலே கொடி மேலே போகும். அப்படிப் போய், நிறைய மண்டை உடைந்த பிறகு, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உன் தெருப் பையன்தான் பிடிக்கணும். ஆனால் எந்தப் பையன் என்பதை எதிராளி டீம் வந்து கேட்கும். கேட்ட பையனைக் கொடுத்தே தீரணும். இதற்குக் ‘கொடி கேக்கறது’ என்று பேர். ஃபைனலுக்கு முந்தின வாரம் அவர்கள் உங்கள் தெருவுக்கு வருவார்கள், இருக்கிற பையன்களிலேயே பொய் சொல்லத் தெரியாதவன் யார் என்று விசாரிப்பார்கள், அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெண் கேட்டு வருகிற மாதிரியேதான். வெறுங்கையோடு வரக்கூடாது என்பதும் உண்டு.

அந்த வருஷம் ஃபைனலில் எங்களுக்கு எதிரே முகத்துவாரக்குப்பத்து டீம். கொடி கேட்க வந்தவர் அவர்களுடைய லெஃப்ட் அவுட் அண்ணன்.

அவரைப் பற்றி என்ன சொல்ல. இடது கோட்டோரம் அவர் ஓடினால் சாக்கடையில் மேய்கிற பன்றிகூட நிமிர்ந்து பார்க்கும். பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டு போகும், அது பந்து என்பதையே மறந்துவிட்ட மாதிரி. மாமா அவரைப் பற்றிப் பேசும்போது கெட்ட வார்த்தை சேர்த்துத்தான் பேசுவார். நம்ம ஊரில் அதுதான் மரியாதை.

அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். டிரம் ஒல்லி, நான் குண்டு. இரண்டு பக்கமும் வெளியே தெரிந்துகொண்டு ஒளிந்திருந்தேன். அவர் இலையில் சுற்றிய நெத்திலியை அம்மாவிடம் கொடுத்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது நடந்ததைச் சொல்லிச் சிரித்தார். வரிசையில் என்னைப் பார்த்து, “இன்னாடா, ரெண்டாவது தபாவா?” என்று ஊற்றுகிறவர் கேட்டிருக்கிறார். நான், இல்லை, நாலாவது தடவை என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“இந்தப் புள்ள பொய் சொல்லாதுக்கா,” என்றார் அம்மாவிடம். “எங்களுக்கு இது போதும்.”

தோஸ்துகளே, அதுவரை என்னைப் பார்த்து யாரும் ‘இது போதும்’ என்று சொன்னதில்லை. இது ஜாஸ்தி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், சோறு போடும்போது. அம்மா என்னை டிரம்முக்குப் பின்னாலிருந்து இழுத்து வெளியே விட்டாள். அண்ணன் என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். கை மீன் வாடை. ரெண்டு நாள் நான் தலைக்குக் குளிக்கவில்லை.

அந்த ஃபைனல் சும்மா கோப்பைக்கான ஆட்டமில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனி தன் டீமுக்கு ஆள் எடுக்கிறது, அதன் கோச்சு ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார் என்று பேச்சு. எடுத்தால் நிரந்தர வேலை. பேண்ட், சட்டை, கேன்டீன் சாப்பாடு, கல்யாணத்துக்குப் பெண். அந்த ஒரு ஆள் யார் என்பதில் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் சந்தேகமே இல்லை. லெஃப்ட் அவுட் அண்ணன் ஓடி முடிக்கிற வரைக்கும் கோச்சு உட்கார்ந்திருந்தால் போதும். இந்தப் பேச்சு நடக்கும்போது மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். அவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் பீடியிலிருந்து விழுகிற நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனார். கொடியையும் அவரே செய்து தந்தார். லாரியில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டு போகும்போது நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்களே, அந்தத் துணி. பிரம்புக் குச்சியில் கட்டியது. கிரீஸ் வாடை அடிக்கும். எனக்கு அது ராஜா செங்கோல்.

நான் பயத்தில் பிதற்றினேன். எங்கே நிற்பது, எப்போது தூக்குவது, மூத்திரம் வந்தால் என்ன செய்வது. மாமா பொறுமையாகக் கேட்டார். அவர் அவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை. ஆஃப்சைடு எனக்கு முன்பே தெரியும்: பந்தை உதைக்கிற நொடியில், அதை வாங்கப் போகிறவன் எங்கள் கடைசித் தடுப்பு ஆளைத் தாண்டி நின்றால் தப்பு, அவருக்குச் சமமாக நின்றால் தப்பில்லை. அந்தக் கடைசி ஆள் மாமாதான். ஆக, நான் மாமாவைப் பார்த்தால் போதும்.

“நீ ஓடமாட்டடா. உன் ஒடம்பு அப்பிடி,” என்றார். “பந்து வந்தப்புறம் ஓடுனா லேட்டாயிடும். அதனால முன்னாடியே போய் நின்னுக்கோ. நான் நிக்கிற எடத்துலேர்ந்து ஒரு ஆள் படுக்குற தூரம், நம்ம கோல் பக்கமா. நான் நவுந்தா நீயும் நவுரு.”

எவ்வளவு தூரம் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த மண்ணில் படுத்துக் காட்டினார். கால் கோலுக்கு எதிர்ப்பக்கம், தலை கோல் பக்கம்.

“என் கால் கீற எடம் நான். என் தலை கீற எடம் நீ. புரிஞ்சுதா?”

புரிந்தது. வீட்டில் தினமும் பார்க்கிற நீளம்தானே. நான் கேட்டேன், பார்த்ததைத்தான் சொல்லணுமா என்று.

“பின்ன? பார்த்தத சொல்லு. பொய் சொன்னே, தோல உரிச்சுடுவேன்.”

நான் ஓடமாட்டேன் என்பதற்காக ஒருத்தர் மண்ணில் படுத்துக் காட்டினார் என்று எனக்கு அன்றைக்கு ராத்திரி அழுகையே வந்தது. மூலையில் சுருண்டு கிடந்து, அவர் கால் விரலைத் தொட்டுக்கொண்டு தூங்கினேன்.

ஆட்டம். என்னத்தைச் சொல்ல. சுவர் மேலெல்லாம் ஜனம். குப்பத்திலிருந்து இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். கோச்சு நாற்காலியில் உட்கார்ந்து குடையைப் பிடித்திருந்தார். ஆடிக் காற்றில் குடைதான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கொடியைப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துவிட்டது. கால் சட்டைக்குள் என்னென்ன நடந்தது என்பதை மரியாதை கருதிச் சொல்லவில்லை.

எந்தப் பாதியாக இருந்தாலும் அண்ணன் எனக்கு எதிர்க் கோட்டோரம்தான். நான் சுவர் பக்கம் என்றால் அவர் சாக்கடைப் பக்கம். நடுவில் மாமா. முதல் பந்து வந்தது. அண்ணன் கிளம்பினார். நான் மாமாவைப் பார்த்தேன், மாமாவுக்குப் பின்னால் தூரத்தில் அண்ணனைப் பார்த்தேன். அவர் மாமாவைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். சந்தேகமே இல்லை, கண்ணாடி மாதிரித் தெரிந்தது. கொடியைத் தூக்கினேன். விசில்.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவர் கோலே போட்டுவிட்டார். குப்பமே கத்தியது. நான் கொடியோடு நின்றேன். என் கை என்னைக் கேட்டுக்கொண்டு தூக்கவில்லை, அதுவாக மேலே போனது. பயத்தில் நான் அழுதுகொண்டே தூக்கினேன். ஆனால் தூக்கினேன். பார்த்ததைச் சொன்னேன்.

யாராவது கல்லெடுத்து அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. அவர்கள் கேட்டு வாங்கிய கொடி அல்லவா. அண்ணன் விசில்காரரிடம் போய் என்னவோ சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார். அவருடைய டீம் ஆட்களே அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் புள்ள பொய் சொல்லாது, நீதான் அவசரப்பட்டு ஓடுற, வேலைக்கு அலையாதே என்று அவரையே திட்டினார்கள். அப்புறம் அவர் ஓட்டத்தில் ஒரு தயக்கம் வந்துவிட்டது. பந்து வந்த பிறகு கிளம்பினார். ஆட்டம் முடிகிற நேரத்தில் கிளம்பவே இல்லை. கொடிக் கம்பம் மாதிரி நின்றார். கார்னரில் மாமா தலையால் ஒரு கோல் போட்டார். ஜெயித்தோம். கோச்சு குடையை மடக்கிவிட்டு வந்து மாமாவின் கையைக் குலுக்கினார்.

எங்கள் ஆட்கள் மாமாவைத் தூக்கிக்கொண்டு போக, நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு தனியாக நின்றேன். அண்ணன் வந்தார். முகமெல்லாம் மண்.

“நல்லா பார்த்தியா தம்பி?”

“பார்த்தேண்ணா.”

“கண்ணால?”

“கண்ணாலதாண்ணா.”

என் கையிலிருந்த கொடியை வாங்கி, அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப என்னிடம் கொடுத்தார். போய் லாரியில் ஏறிவிட்டார். வேர்வையும் மண்ணுமாக அந்தக் கொடி நனைந்திருந்தது. அம்மா அதைத் துவைத்து, அப்புறம் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற துணியாக்கிவிட்டாள். ஒருநாள் அது ஒரு பக்கம் தீய்ந்துபோனது. அத்தோடு அதைக் காணோம்.

மாமா வேலையில் சேர்ந்தார். முதல் சம்பளத்தில் எனக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்தார். என் வாழ்க்கையில் முதல் ஷூ. போட்டுக்கொண்டு நடக்காமல், அட்டைப் பெட்டியோடு தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் தன் பிள்ளைகளுக்கு எடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் சட்டை எடுப்பார். சைக்கிள் கொடுத்தார். பாலிடெக்னிக் சேர்த்துவிட்டார். இந்த மாமா யாருக்குக் கிடைப்பார் என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

லெஃப்ட் அவுட் அண்ணன் கடலுக்குப் போனார். ஆற்று வாய் மண் மூடிக்கொண்ட வருஷங்களில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலைக்குப் போனார் என்று கேள்வி. திருவொற்றியூர் மார்க்கெட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆட்டத்தில் தோற்ற கோபம் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவேன். குப்பத்தில் ஏமாற்றுகிறவனை ‘லைன் வூட்டுக் கொடி’ என்று திட்டுவார்கள் என்று ஒருத்தர் சொன்னார். சும்மா சொல்கிறார்கள் என்று அதையும் மன்னித்தேன்.

போன மாதம் என் மகளுடைய ஆட்டம். அவளுக்குப் பதின்மூன்று வயது. நல்லவேளை, கால் அவள் அம்மா மாதிரி. கொடி பிடிக்க வரவேண்டிய ஆள் வரவில்லை, பெற்றோரில் யாராவது வாங்களேன் என்றார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். அனுபவசாலி அல்லவா? தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, எதிரே ஆடுகிற பெண்களின் கடைசித் தடுப்புக்கு ஒரு ஆள் படுக்குற தூரம் தள்ளி, கோல் பக்கமாக, கம்பீரமாக நின்றேன். மகள் டீம்தான் அந்தக் கோலை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே என் மகளுக்கே ஆஃப்சைடு காட்டினேன். அவள் எதிர்க் கோட்டோரம் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

விசில் ஊதியது கல்லூரியில் படிக்கிற பெண். ஓடி வந்தாள்.

“அங்கிள், இங்க இன்னா பண்றீங்க? அந்தக் கடைசித் தடுப்புப் பொண்ணுக்கு நேரா வந்து நில்லுங்க. முன்னாடி நின்னா அந்தாண்டை கீறவங்க எல்லாம் தாண்டி நிக்கிற மாதிரிதான் தெரியும்.”

எனக்குத் தெரியும்மா, சின்ன வயசிலேயே கொடி பிடிச்சவன் என்றேன். அவள் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தாள்.

“யாரு அங்கிள் சொல்லிக் குடுத்தாங்க, இப்பிடி நிக்கச் சொல்லி?”

ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. நான் பின்னால் நகர்ந்து, அந்தத் தடுப்புப் பெண்ணுக்கு நேராக நின்றேன். எதிர்க் கோட்டோரத்தில் என் மகள் அவளுக்குச் சமமாக நின்றாள். சரி, ஒரு சந்தேகத்துக்கு மறுபடி முன்னால் போனேன். மகள் ஒரு முழம் தாண்டி நின்றாள். அவள் அசையவில்லை. நான்தான் அசைந்தேன். பின்னால் வந்தேன், சமம். முன்னால் போனேன், தாண்டி. பின்னால், முன்னால், பின்னால். பைத்தியம் பிடித்த நண்டு மாதிரி கோட்டோரம் நான் போய் வந்துகொண்டிருக்க, பந்து என் காலடியில் உருண்டு வெளியே போனது. நான் பார்க்கவில்லை. நான் மண்ணில் சட்டையோடு படுத்திருந்த ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் அங்கே, தலை இங்கே.

அடுத்த நாளே மாமா வீட்டுக்குப் போனேன். ரிட்டையர் ஆகி, திருவொற்றியூரில் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டில் இருக்கிறார். டிவியில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம். முட்டியில் அதே தைலம். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சண்டை போடுவதாகத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வாயைத் திறந்ததும் பன்னிரண்டு வயதுக் குரல் வந்தது.

“மாமா, அன்னிக்கு நீங்க நிக்கச் சொன்ன எடம் தப்பு மாமா.”

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னாடா, இப்ப வந்து புதுசா?”

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“தெரியாமயா படுத்துக் காட்டுனேன்?” சிரித்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அவன் உனக்கு எதிர்க் கோட்டோரமா வர்றவன். உன்னை அங்க நிக்கவெச்சா அவன் எப்ப வந்தாலும் தாண்டிதான் தெரிவான். எங்க காலத்துல பந்து ஆடுறவனுக்கு இது தெரியாதா? ஆனா நீ கில்லாடிடா. கொடியத் தூக்கிட்டு அழுதே பாரு. நானே அசந்துட்டேன்.”

நான் எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

“யார்ட்ட கதை வுடுற? இத்தினி வருசம் வாயத் தொறக்காம இருந்தியே. என் அக்கா புள்ள எனக்கோசரம் வாயக் கட்டிகினு கீறான்னு உங்க அத்தைகிட்டகூட சொல்லுவேன். அதுக்குத்தானேடா அந்த ஷூ.”

அதுக்குத்தானே. தோஸ்துகளே, நான் அந்தக் காபியைக் குடித்து முடித்தேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்? நல்ல காபி வேறு. ஆனால் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு தீபாவளிச் சட்டை தொண்டையில் மாட்டியது. என் மேல் பிரியம் என்று நான் நினைத்ததெல்லாம் நான் செய்யாத ஒரு களவுக்குப் பங்கு. அவர் என்னை ஏமாற்றினார் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏமாற்றியதே அவருக்குத் தெரியாது என்பதை என்ன செய்வது? அவர் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளி.

அங்கேயிருந்து எழுந்து, ஸ்கூட்டரை வீட்டுக்குத்தான் விட்டேன். அது எண்ணூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

முகத்துவாரக்குப்பத்தில் லெஃப்ட் அவுட் அண்ணன் வீட்டைக் கேட்டதும் சிறுசுகளே காட்டினார்கள். கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு அந்தாண்டை காட்டுப்பள்ளிக் கிரேன்கள் வரிசையாகத் தலையைத் தூக்கி நின்றன. முடியெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போகவில்லை. மணலில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மண்ணில் மாமா படுத்தது, கால், தலை, என் மகள் ஆட்டம், ஷூ வரைக்கும்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நீ நின்ன எடம் தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் நைனா,” என்றார். “விசில்காரர்கிட்ட சொன்னேன். எங்க ஆளுங்களே கேக்கல. நீதானே அந்தப் புள்ளயக் கேட்டுக் கூட்டியாந்தேன்னாங்க. நானும் வந்து உன்னையே கேட்டேன். கண்ணாலன்னு சொன்னே. புள்ள வயசுல இவ்ளோ தெகிரியமா பொய் சொல்றானேன்னு நெனச்சேன்.”

ஆக, கணக்கைப் பாருங்கள். ஒருத்தர் என்னைக் கில்லாடி என்று நினைத்துக் கொண்டாடியிருக்கிறார். இன்னொருத்தர் என்னைக் கில்லாடி என்று நினைத்து வெறுத்திருக்கிறார். என் வாழ்நாளில் என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பிய ஆட்கள் மொத்தமே இவர்கள்தான், இரண்டு பேருக்கும் தப்பான தகவல். இதை நான் அவரிடமே சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“இப்ப வந்து தெரியாதுன்றே. நான் எப்பிடி நம்பறது?”

பொய் சொல்லாது என்று அவர் ஒரு காலத்தில் நம்பிய அந்தப் புள்ளையை எங்கேயிருந்து கொண்டுவருவேன்? கண்ணில் பட்டது மணலில் கிடந்த ஒரு துடுப்புதான். எடுத்து நட்டேன்.

“இதுதாண்ணா மாமா. அந்தக் கிரேன் பக்கம் கோல். நீங்க அந்தாண்டை போய், துடுப்புக்குச் சரிசமமா நில்லுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலையைத் தாண்டிப் போய், படகுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் துடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, அங்கேயிருந்து கிரேன் பக்கமாக ஒரு ஆள் படுக்குற தூரம் தள்ளி நின்று பார்த்தேன். நெஞ்சுக்குள்ளே பழைய விசில் அடித்தது.

“இங்கேர்ந்து பார்த்தா இன்னிக்கும் நீங்க தாண்டிதாண்ணா கீறீங்க.”

“போடா,” என்றார். ஆனால் வந்தார். என்னைத் தன் இடத்துக்குப் போகச் சொன்னார். நான் போய்த் துடுப்புக்குச் சரியாக, ஒரு விரற்கடைகூட முன்னால் போகாமல், காலை மணலில் அழுத்தி நின்றேன். பன்னிரண்டு வயதிலிருந்து நான் நின்ற இடங்களிலேயே இதுதான் சரியான இடம். அவர் என் இடத்தில் போய் நின்றார். துடுப்பைப் பார்த்தார். துடுப்புக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நல்லா பார்த்தீங்களாண்ணா?” என்று அங்கேயிருந்து கத்தினேன்.

அவருடைய வலது கை மெதுவாக, அவரைக் கேட்காமலேயே, மேலே போனது. தலைக்கு மேலே நேராக, கொடி இல்லாத வெறுங்கை. அதை அவர் வெகு நேரம் இறக்கவில்லை.